அடையிருக்கும் கோழியே மனைக்கோழி

ஏர்பேடு என்ற ஊர்ப்பெயரை முதன்முதலாகக் கேட்கும் தமிழரது செவியில் இரண்டு சொற்கள் விழும். ஏர் என்பது உழுபடை. பேடு என்பது பெண்பறவை. 'பேடு' என முடியும் ஊர்கள் திருப்பதி, நெல்லூர்ப் பகுதிகளில் பலவுள. அங்கு அச்சொல் பறவையைக் குறிப்பதன்று. ஆயினும் உழவும் கோழியும் ஒரே பெயருக்குள் குடியிருப்பதாக நம்மவர் எண்ணி மகிழ்வதில் குற்றமில்லை. ஏரும் கோழியும் சேர்ந்திருந்த வீடுகளிலிருந்துதானே நம்மிற் பெரும்பாலோர் புறப்பட்டு வந்தோம்!

இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் தம் வளாகங்களை எழுப்பிய பின் ஏர்பேடு முன்போல் சிற்றூராக இல்லை. தொழில் நிமித்தம் அப்பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்கள், ஊருக்குப் புறத்தே கொல்லையோடு கூடிய வீடு கிடைத்தால், முதலில் முருங்கைக் கொம்பு நடுவர்; அடுத்துக் கோழி வளர்க்க எண்ணுவர். அப்போது எழும் வினா ஒன்றே: "எந்த இனக் கோழி வாங்கலாம்?"

இவ்வினாவிற்கு விடை கூறுமுன் நாம் ஒரு வினா எழுப்புதல் வேண்டும். முட்டைக்காகவா, இறைச்சிக்காகவா, அன்றி ஆண்டுதோறும் கடைக்குச் சென்று குஞ்சு வாங்காமல் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் கோழிக்கூட்டத்திற்காகவா? மூன்றும் வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பமும். ஆனால் மூன்றையும் ஒருங்கே முழு அளவில் தரும் கோழி இவ்வுலகில் இல்லை. இந்த உண்மையை ஒப்புக்கொண்டால் இனத் தேர்வு எளிதாகிவிடும்.

முட்டையும் அடையும்

முட்டையிடுதலும் அடைகாத்தலும் ஒன்றையொன்று நெருக்கும் தொழில்கள். பெட்டைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும், அதன் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகும். அது முட்டையிடுவதை நிறுத்திக் கூட்டில் அமரும். கிட்டே சென்றால் இறகு சிலிர்த்துச் சீறும். 21 நாள் அடை. பிறகு இரண்டு மாத அளவும் குஞ்சுகளை மேய்த்தல். ஆக, ஓர் ஈட்டிற்கு மூன்று மாதம் போய்விடுகிறது. நாட்டுக்கோழி ஆண்டிற்கு மூன்று ஈடு, நான்கு ஈடு என்று இடுவதன் காரணம் இதுவே; சோம்பலன்று.

இத்தாலி நாட்டிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய வெள்ளை லெகார்ன் கோழியில், அடையிருக்கும் இயல்பையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக் களைந்துவிட்டனர். அதனாற்றான் நாமக்கல் பண்ணைகளிலுள்ள அதன் வழிக் கோழிகள் ஆண்டிற்கு முந்நூறு முட்டைக்கு மேல் இடுகின்றன. அவை தாமாகக் குஞ்சு பொரிக்க மாட்டா. பொரிப்பகம் என்னும் எந்திரம் நின்றால் அவ்வினமும் நிற்கும்.

ஆகவே, தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் கூட்டம் வேண்டுமென்பார், முட்டைக் கணக்கைப் பார்க்குமுன் "இக்கோழி அடையிருக்குமா? குஞ்சைக் காக்குமா?" என்று கேட்டல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் சாரம்.

திருக்காளத்தியின் பெயர் தாங்கிய கோழி

ஏர்பேட்டு அன்பர்கள் இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடுத்த ஊர் திருக்காளத்தி. கண்ணப்பர் வாழ்ந்த தலமென்று நாம் அதனை அறிவோம். அவ்வூரின் பெயரையே தாங்கிய நாட்டுக்கோழி இனம் ஒன்று உண்டு என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. 'காளாஸ்தி' என்னும் அவ்வினத்தை, அரியானா மாநிலத்துக் கர்னாலில் இயங்கும் தேசியக் கால்நடை மரபு வள அமைவனம், அசீல், கடக்நாத் முதலியவற்றோடு சேர்த்து நாட்டின் கோழியினப் பட்டியலில் பதிவு செய்துள்ளது. ஆந்திரத்தின் வடகோடிக்குரிய டாங்கி, கோலார் எல்லைப் பக்கத்துக் காகஸ் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன.

நீலம் பாய்ந்த கருமையும் பழுப்பும் கலந்த இறகுடையது காளாஸ்திக் கோழி. ஆண்டிற்கு முப்பது, நாற்பது முட்டையே இடும். இக்கணக்கைக் கேட்டவுடன் "இதற்கா இத்தனை பேச்சு!" என்று தாய்மார்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அம்முப்பது முட்டைக்குப் பின்னால் நிற்கும் தகுதிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெயிலில் இக்கோழி நிழல் தேடி வாழக் கற்றிருக்கிறது. குப்பைமேட்டைக் கிளறித் தன் இரையில் பெரும்பகுதியைத் தானே ஈட்டுகிறது. வானில் பருந்தின் நிழல் படிந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அழைக்கிறது. கரிய, பழுப்பு இறகு புதரோடு புதராக மறைக்கிறது; வெள்ளைக்கோழியோ பருந்திற்கும் கீரிக்கும் விளக்கு ஏற்றி வைத்தாற்போலத் தெரியும்.

"நம் ஊர்ச் சிறுவிடைக் கோழியைக் கொண்டு வரலாகாதா?" என்று சிலர் கேட்பர். சிறுவிடை நல்ல கோழி. அடையிருப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் பெயர் பெற்றது. ஆனால் பேருந்திலும் புகைவண்டியிலும் கோழியை அடைத்துக்கொண்டு வருவது நோயையும் கூடவே அழைத்து வருவதாகும். மேலும், சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை மாநிலத்தோடு இருந்த நிலம். திருத்தணி 1960-இல் தமிழகத்தோடு சேர்ந்தது. ஏர்பேடு 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துள் அடங்கியது. கோடுகள் மாறினவேயன்றி வெயிலும் மண்ணும் மாறவில்லை. இவ்விடத்துக் கோழியே இவ்விடத்திற்கு ஏற்றது.

வாங்குவது எங்கே எனின், சந்தையைவிடச் சிற்றூர் வீடுகளே சிறந்தவை. தெலுங்கில் சேவலைப் 'புஞ்சு' என்றும், கோழியைப் 'பெட்ட' என்றும், குஞ்சைப் 'பில்ல' என்றும், முட்டையைக் 'குட்டு' என்றும் வழங்குவர். பெட்டைக்கு நாம் சொல்லும் சொல்லும் அவர்கள் சொல்லும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பேச்சுக்குத் தடையிராது. அந்த வீட்டு அம்மையாரிடம் "இதன் தாய் எத்தனை குஞ்சு வளர்த்தது?" என்று கேளுங்கள். கோழியின் குலச்சான்று அதுவே.

மற்ற இனங்களின் குணமும் குறையும்

அசீல் என்னும் சண்டைக்கோழியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். சேவலின் வீரத்தைப் போற்றுதல் தமிழர்க்குப் பழக்கமே. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரில் மாய்ந்த சேவலுக்கு ஐந்தாம் நூற்றாண்டளவில் எடுத்த நடுகல் இன்றும் உண்டு. அசீல் பெட்டை நன்றாக அடையிருக்கும். குஞ்சைக் காப்பதில் பின்வாங்காது. ஆனால் உடல் கனத்தது. முட்டை மிகக் குறைவு. இரு சேவல்கள் ஒரு கொல்லையில் வாழா. சங்கராந்திச் சேவற்சண்டையை நம்பி விலையுயர்ந்த சேவல் வாங்குவது, பொருளையும் அமைதியையும் ஒருங்கே இழக்கும் வழி. விலங்குகளைச் சண்டைக்கு மூட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஓரிரு அசீல் பெட்டைகளை அடைக்கோழியாக வைத்துக்கொள்வது போதும்.

கடக்நாத் என்னும் கருங்கோழி மத்தியப் பிரதேசத்துச் சாபுவா மாவட்டத்திற்கு உரியது. அதன் இறைச்சி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. விலை உயர்வு காரணமாகப் பலரும் அதனை நாடுகின்றனர். அதன் பெட்டை அடையிருப்பதில் ஆர்வம் குறைந்தது. எனவே அது தனியாக ஒரு குடும்பக் கூட்டத்தைத் தாங்காது. வேறு கோழி அதன் முட்டைக்குச் செவிலியாதல் வேண்டும்.

கழுத்தில் இறகில்லாக் கோழியைக் கண்டு அருவருப்பவர் உண்டு. அவ்வியல்பைத் தாய் தந்தை இருவர் வழியாகவும் பெற்ற கோழிக்கு உடல் இறகு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைவு. ஆதலால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது. வெயில் நாட்டில் அது குறையன்று, கொடை.

இனி வனராசா, கிராமப்பிரியா என்னும் கலப்பினங்கள். இவை ஐதராபாத்து இராசேந்திரநகரில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தார், கொல்லையில் வளர்ப்பதற்கென்றே உருவாக்கியவை. பல நிற இறகுடையவை. நோய் தாங்கும் வலிவும் உடையவை. வனராசா முட்டைக்கும் இறைச்சிக்கும் உதவும். கொல்லை வளர்ப்பில் ஆண்டிற்கு நூறு, நூற்றுப்பத்து முட்டை தரும். கிராமப்பிரியா முட்டைக்கே சிறந்தது. கொல்லையில் 160 முதல் 180 வரை இடும் என்பது அவ்வியக்குநரகம் தரும் கணக்கு. காளாஸ்தியைப்போல் இது நான்கு மடங்கிற்கும் மேலாகும்.

ஆனால் ஒன்று. கலப்பினம் என்பது இரு வேறு வழிகளைச் சேர்த்துப் பெற்ற முதல் தலைமுறை. அதன் குணம் அத்தலைமுறையோடு நிற்கும். கிராமப்பிரியாவின் முட்டையைப் பொரிக்க வைத்தால் வெளிவரும் குஞ்சுகள் ஒன்று தாயை ஒத்திருக்கும், ஒன்று பாட்டனை ஒத்திருக்கும், மற்றொன்று எதனையும் ஒத்திராது. அடையிருக்கும் இயல்பையும் இக்கோழிகளிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே இவற்றை மட்டும் வளர்ப்பார், இரண்டாண்டிற்கொருமுறை புதுக்குஞ்சு வாங்கியே தீரவேண்டும். அது பிழையன்று, ஆனால் தன்னிறைவு என்று அதற்குப் பெயரில்லை.

ஒரு குடும்பத்திற்கான கணக்கு

இரண்டையும் இணைத்தல் அறிவுடைமை. ஐவர் உள்ள குடும்பம் ஒன்று ஆறு நாட்டுப் பெட்டை, ஒரு நாட்டுச் சேவல், மூன்று கிராமப்பிரியாப் பெட்டை என்று பத்துப் பறவைகள் வைப்பதாகக் கொள்வோம்.

கிராமப்பிரியா மூன்றும் ஆளுக்கு 160 வீதம் இட்டால் 480 முட்டை. நாட்டுப் பெட்டை ஆறும் ஆளுக்கு 35 வீதம் 210 முட்டை. இதில் மூன்று பெட்டைகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டாக 36 முட்டையை அடைக்கு ஒதுக்கினால், சமையலுக்கு 174 எஞ்சும். மொத்தம் 654, வாரத்திற்குப் பன்னிரண்டு முட்டைக்குக் குறைவில்லை. குழந்தைகளுக்கு ஒன்றுவிட்டொரு நாள் முட்டை கொடுக்க இது போதுமானது.

அடைவைத்த 36 முட்டையில் 27 பொரித்து, பருந்து, பூனை, மழை ஆகியவற்றிற்குப் பாதி போனாலும், பதின்மூன்று தேறும். அவற்றுள் பெட்டை ஆறேனும் இருக்கும். இரண்டு மூன்றை முதிர்ந்த கோழிக்கு ஈடாக நிறுத்திவிட்டு, மற்றவற்றை விற்கலாம், விருந்தினர்க்கும் ஆகும். அப்பணம் இல்லத்தரசியின் கையிலேயே இருக்கட்டும். நம் பாட்டிமார் காலத்திலிருந்து கோழிப்பணம் பெண்களின் பணமாகவே இருந்து வந்திருக்கிறது. குழந்தையின் பள்ளிப் புத்தகமும், அவசரத்திற்கு ஊர் சென்றுவரும் செலவும் அதிலிருந்து போவதை நாம் கண்டிருக்கிறோம்.

முட்டைகளைப் பிரித்தறிதல் கடினமன்று. கிராமப்பிரியாவின் முட்டை பெரிது, பழுப்பு நிறம். நாட்டு முட்டை சிறிது, வெளிறியது. பழுப்பு முட்டை சமையலறைக்கு. நாட்டு முட்டை அடைக்கு. கலப்பினச் சேவலைக் கூட்டத்தில் விடலாகாது. அது பெரிதாக இருக்கிறதென்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால், மூன்று தலைமுறைக்குள் அடையிருக்கும் தாய்கள் அருகிவிடும். காளாஸ்தி போன்ற இனங்கள் தேய்வது கொன்று தின்பதனால் மட்டுமன்று. இவ்வாறு அறியாமற் கலப்பதனாலும் ஆகும்.

புதிய கிராமப்பிரியாக் குஞ்சு வாங்குங்காலும் நாட்டுக்கோழியே துணை. ஒருநாட் குஞ்சுகளுக்கு விளக்குச் சூடு கொடுக்க மின்சாரம் வேண்டும். அவற்றை இரவு இருளில், குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும் அடைக்கோழியின் சிறகடியில் மெல்லச் செருகிவிட்டால், விடியும்போது அது தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்ளும்.

சேவலும் பருவமும் தீனியும்

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் அச்சேவலே தன் மகளோடும் பேத்தியோடும் சேர்ந்தால் முட்டை கருக்கூடுவது குறையும்; குஞ்சு நலியும். ஆதலால் ஆண்டிற்கொருமுறை, நோயற்ற கூட்டமுடைய அண்டை வீட்டாரோடு சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். பணச் செலவில்லாத இம்மாற்றமே கூட்டத்தின் உயிர்நாடி.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். 2021 நவம்பரில் சுவர்ணமுகி ஆறு பெருகியதைப் பலர் மறந்திருக்க மாட்டார். அக்காலத்தில் பொரிக்கும் குஞ்சு நனைந்து மாயும். தை, மாசியே அடைக்கு நற்காலம். அடைக்குரிய முட்டையை ஒரு வாரத்திற்கு மேல் வைக்க வேண்டா. வெயில் ஏறினால் ஈரமணல் பரப்பிய மண்சட்டியில் வையுங்கள். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் கருக்கூடியது நரம்போடித் தெரியும், கூமுட்டை தெளிவாக நிற்கும், அதனை எடுத்துவிடலாம்.

தவிடு, நொய், கேழ்வரகு, கீரைக்கழிவு ஆகியவை மேய்ச்சலுக்குத் துணைத்தீனி. கலப்பினத்திற்குக் கிளிஞ்சல் தூளும் வேண்டும். சித்தூர்ச் சீமை வேர்க்கடலைக்குப் பெயர்பெற்றது. பிண்ணாக்கு எளிதிற் கிடைக்கும். ஆனால் பூசணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரம் வான்கோழிகள் மாண்டதற்குக் கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூசண நஞ்சே காரணம் எனக் கண்டனர். அதனையே அஃபிலாடாக்சின் என வழங்குகிறோம். நாற்றமோ பச்சைப் பூப்போ கண்டால் பிண்ணாக்கைக் குழியில் புதைத்துவிடுங்கள்.

ஒருவரால் ஆகாதது, பலரால் ஆவது

எந்த இனத்தைத் தேர்ந்தாலும், வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கேத் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூடு வெறிச்சோடிப் போகும். நாட்டுக்கோழிக்கு அந்நோய் வாராது என்பது வீண் நம்பிக்கை. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் இடும் சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் ஊசியும் அதனைத் தடுக்கும். மருந்துக்குப்பி நூறு கோழிக்கும் மேற்பட்ட அளவில் வருகிறது. கரைத்தபின் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் அதனைத் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீண். பத்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கால்நடை மருத்துவரை அழைத்துப் போட்டுக்கொண்டால், செலவும் குறையும். நோயும் தெருவுக்குள் நுழையாது.

2024 பிப்ரவரியில் அண்டை மாவட்டமாகிய நெல்லூரில் பறவைக் காய்ச்சல் கண்டது. கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவமனைக்கு அறிவியுங்கள். மாண்டவற்றைக் கையால் தொடவும், உண்ணவும், விற்கவும் வேண்டா.

தடுப்பூசி நாளும் சேவல் மாற்றமும் கூட்டு முயற்சியால் மட்டுமே நடைபெறக் கூடியவை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அன்பரும் இவற்றில் நம்மோடு சேருவாராயின், நன்மை இரட்டிக்கும். நல்ல அடைக்கோழி எந்த வீட்டில் இருக்கிறது என்பதை அவரே நன்கறிவார். வரும் தையில் அடைவைக்க வேண்டுமாயின், இப்போதே ஒரு நாட்டுப் பெட்டையைத் தேடத் தொடங்குங்கள். முட்டையை எண்ணி வாங்காதீர்கள். அது வளர்த்த குஞ்சை எண்ணி வாங்குங்கள்.